தைராய்டு அறுவைக்குப் பிறகு குரல் எழும்பவில்லை: காத்திருக்கச் சொன்ன மாதங்களில் என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 41 வயது. கும்பகோணம் பக்கத்தில் ஓர் உதவிபெறும் பள்ளியில் தமிழாசிரியை. முன்கழுத்தில் கட்டி இருந்ததால் 9 வாரங்களுக்கு முன் தைராய்டின் இடது பாதியை எடுத்தார்கள். சாதாரணக் கட்டிதான், புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்தது. ஆனால் மயக்கம் தெளிந்ததிலிருந்து குரல் வெறும் காற்றாக வருகிறது. நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்குகிறது. தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, "இடது குரல் நாண் பாராலிசிஸ், ஆறு மாதம் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்தச் சொல்லைக் கேட்டதும் வீட்டில் எல்லோரும் பக்கவாதம் என்று பயந்துவிட்டார்கள். மாமியார் வாயே திறக்கக் கூடாது என்கிறார். கணவர், நரம்பை வெட்டிவிட்டார்கள் என்று கோபப்படுகிறார். குரல் திரும்புமா? ஜூனில் பள்ளிக்குப் போக முடியுமா? ஆறு வயது மகளுக்கு ராத்திரி கதை சொல்லக்கூட முடியவில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் வீட்டாருக்கு ஒன்று சொல்லிவிடுங்கள். இது பக்கவாதம் இல்லை. பாராலிசிஸ் என்றால் அசைவு நின்றுவிட்டது என்றுதான் பொருள். பக்கவாதத்தில் பழுது மூளையில் இருக்கும். உங்கள் மூளைக்கு ஒன்றுமில்லை. கழுத்தில் ஓடும் ஒரு மெல்லிய நரம்பு, மூளை அனுப்பும் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். இது கைகாலுக்குப் பரவாது. வலது குரல் நாணுக்கும் தாவாது.

அடுத்தது அந்த ஆறு மாதக் கணக்கு. உங்கள் மருத்துவர் சொன்னது தவறில்லை, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார். நரம்பு திரும்புகிறதா என்று பார்க்கத்தான் அந்த ஆறு மாதம். உங்கள் குரலும், தண்ணீர் விழுங்குவதும் அதுவரை சும்மா கிடக்க வேண்டியதில்லை. நரம்பு திரும்புவது வேறு, குரல் திரும்புவது வேறு. இடது நாண் கடைசிவரை அசையாமலே நல்ல குரலில் வகுப்பெடுக்கும் ஆசிரியர்களை எனக்குத் தெரியும். இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பயம் பாதியாகிவிடும், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கழுத்தின் முன்பக்கம் விரலை வைத்து எச்சில் விழுங்கிப் பாருங்கள். ஏறி இறங்குகிறதே, அந்தக் குருத்தெலும்புப் பெட்டிதான் குரல்வளை. அதற்குள் இரண்டு சதை மடிப்புகள், முன்னால் ஒன்றோடொன்று ஒட்டியும் பின்னால் விலகியும் இருக்கும். நாண் என்று பெயர் வைத்துவிட்டதால் வீணைத் தந்தி மாதிரி என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு உள்ளங்கைகள் மாதிரி என்று நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். மூச்சிழுக்கும்போது விரிந்து காற்றுக்கு வழி விடும். பேசும்போது நெருங்கி வந்து சேரும். கீழிருந்து வரும் காற்று அவற்றை அதிரவைக்கும். பெண்களுக்கு நொடிக்குச் சுமார் 200 முறை, ஆண்களுக்கு நூறு நூற்றிருபது முறை. இரண்டு கையும் சேர்ந்தால்தான் ஓசை. உங்களுக்கு வலது கை நடுவரைக்கும் வருகிறது, இடது கை வராமல் ஓரமாக நிற்கிறது. நடுவே இருக்கும் இடைவெளியில் காற்று வீணாகக் கசிகிறது. குரல் காற்றாக வருவதும், நாலு வார்த்தையில் மூச்சு தீர்ந்துபோவதும் அதனால்தான். நுரையீரலில் கோளாறு எதுவும் இல்லை.

ஒரு குடம் தண்ணீரைத் தூக்கப் போனால் முன்பு போலத் தம் பிடிக்க முடியவில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். இருமினால் இருமலுக்கு வலு இருக்காது. இரண்டுக்கும் இந்த நாண்கள் ஒரு கதவு போல இறுக மூட வேண்டும். விழுங்கும்போதும் அதே கதவு மூடித்தான் மூச்சுக்குழாயைக் காக்கிறது. தமிழாசிரியையான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மிடறு என்றால் தொண்டை, ஒரு மிடறு தண்ணீர் என்றால் ஒரு வாய் விழுங்குவது. குரலுக்கும் விழுங்கலுக்கும் நம் மொழி ஒரே சொல்லை வைத்திருக்கிறது. இந்த நோயைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல் ஞாபகம் வரும்.

சரி, நரம்புக்கு வருவோம். குரல் நாணை அசைக்கும் நரம்பு, வேகஸ் என்ற பெரிய நரம்பின் கிளை. மூளையின் அடியிலிருந்து குரல்வளைக்கு ஒரு சாண் தூரம்கூட இருக்காது. ஆனால் இந்தக் கிளை நேராகப் போவதில்லை. இடது பக்கம் கழுத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியின் வளைவுக்கு அடியில் திரும்பி, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் மேலே ஏறி, தைராய்டின் முதுகை ஒட்டிப்போய்த்தான் குரல்வளைக்குள் நுழைகிறது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதுதான். கருவில் இதயம் முதலில் கழுத்துப் பக்கம்தான் இருக்கிறது. அது நெஞ்சுக்கு இறங்கும்போது ரத்தக் குழாயோடு நரம்பையும் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஒட்டகச்சிவிங்கிக்கும் இதே பாதைதான். அதற்கு இந்த நரம்பு மூன்று நான்கு மீட்டருக்கு மேல் நீளம். இந்த நரம்புக்கும் குரலுக்கும் உள்ள தொடர்பு மிகப் பழைய செய்தி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் கேலன் என்ற மருத்துவர், கத்திக்கொண்டிருந்த பன்றியின் கழுத்தில் இதைக் கட்டிக் காட்டினார். பன்றியின் சத்தம் நின்றுபோனது.

பாதை தெரிந்துவிட்டால் காரணங்களும் தெரிந்துவிடும். இந்த வழியில் எங்கே இடைஞ்சல் வந்தாலும் நாண் நின்றுவிடும். தைராய்டு அறுவை, கழுத்தெலும்பு அறுவையை முன்பக்கமாகச் செய்வது, இதய அறுவை, உணவுக்குழாய் அறுவை, எப்போதாவது மயக்க மருந்துக்காகத் தொண்டையில் விட்ட குழாய். அப்புறம் நோய்கள்: தைராய்டு, உணவுக்குழாய், நுரையீரல் புற்றுநோய், நெஞ்சுக்குள் காசநோயால் வீங்கிய நெறிக்கட்டி, மகாதமனியில் வீக்கம். சிறு வயதில் வந்த வாதக்காய்ச்சலால் இதய வால்வு சுருங்கி, இதயத்தின் இடது மேலறை பெரிதாகி இந்த நரம்பை நெருக்குவதும் உண்டு. வியன்னாவின் ஆர்ட்னர் 1897-லேயே இதை எழுதிவைத்தார். வால்வு நோய் இன்னும் ஒழியாத நம் ஊரில் அதை மறந்துவிட முடியாது. இடது நரம்பின் பாதை நீளம் என்பதால் இடது நாண்தான் அதிகம் பாதிக்கப்படுகிறது.

சிலருக்கு எவ்வளவு தேடினாலும் காரணம் கிடைக்காது. பெரும்பாலும் ஒரு கடுமையான சளிக்குப் பிறகு நரம்பில் வந்த வைரஸ் அழற்சி என்று ஊகிக்கிறோம். கூகுளைத் தொடங்கிய இருவரில் ஒருவரான லாரி பேஜ், தமக்கு இப்படி ஒரு சளிக்குப் பின் இடது நாண் செயலிழந்ததாகவும், பல ஆண்டுகள் கழித்து மற்ற நாணின் அசைவும் குறைந்ததாகவும் 2013-ல் தாமே எழுதினார். அந்த மெல்லிய குரலோடுதான் அவ்வளவு பெரிய நிறுவனத்தை நடத்தினார்.

உங்களுக்குக் காரணம் தெளிவாகத் தெரிகிறது, அறுவை முடிந்து கண் விழித்த கணத்திலிருந்து வந்தது. அதனால் நெஞ்சு ஸ்கேன் எல்லாம் உங்களுக்கு இப்போது அவசரமில்லை. ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் காய்கறி மண்டியில் ஏலம் கூவும் ஒருவர் என்னிடம் வந்தார். மூன்று மாதமாகக் கரகரப்பு. கூவிக் கூவித் தொண்டை கட்டிவிட்டது என்று மிளகுப் பால், சித்தரத்தை, அதிமதுரம் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் வந்தார். இடது நாண் அசையவே இல்லை. தினம் ஒரு கட்டு பீடி பிடிப்பவர். நெஞ்சை ஸ்கேன் செய்ததில், மகாதமனி வளைவுக்குப் பக்கத்தில் கட்டி இருந்தது. அந்த மூன்று மாதம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. காரணம் தெரியாமல் குரல் மாறி மூன்று வாரம் தாண்டினால், புகைப்பவர் என்றால் அதற்கும் முன்பே, ஒரு முறை குழாய் விட்டுப் பார்த்துவிட வேண்டும். நாண் அசையவில்லை, காரணமும் தெரியவில்லை என்றால் மண்டையோட்டின் அடியிலிருந்து நெஞ்சு வரை ஸ்கேன் செய்யாமல் விடக் கூடாது. மிளகுப் பாலை நான் குறை சொல்லவில்லை. தொண்டைக்கு இதமாக இருக்கும், நீங்களும் தாராளமாகக் குடிக்கலாம். நரம்பை அது எழுப்பாது.

இப்போது உங்கள் கணவரின் கேள்வி. வெட்டிவிட்டார்களா? சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள நரம்பு அது, தைராய்டின் பின்புறம் ஒட்டிக்கொண்டு கிடக்கும். சுரப்பியைத் தூக்கும்போது இழுபடலாம், ரத்தம் நிறுத்தும் கருவியின் சூடு படலாம், சுற்றிலும் வீக்கம் வரலாம். அறுவை முடியும்போது கண்ணுக்கு முழுசாகத் தெரிந்த நரம்புகூட வேலை செய்யாமல் போகும். பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது; வெட்டுப்படுவது அரிது. அனுபவமுள்ள கைகளிலும் நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்கு நிரந்தரப் பாதிப்பு வரும். தற்காலிகப் பாதிப்பு அதைவிடப் பல மடங்கு. நான் செய்த தைராய்டு அறுவையிலும் ஒரு பெண்மணிக்கு நான்கு மாதம் குரல் இல்லாமல் போனது. நரம்பைக் கண்ணால் பார்த்து, பத்திரமாக ஒதுக்கித்தான் செய்தேன். அந்த நான்கு மாதமும் அவர் ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதனால் அறுவை செய்தவரை ஒரே வார்த்தையில் குற்றவாளி ஆக்க என்னால் முடியாது. ஆனால் அறுவைக்கு முன் "குரல் பாதிக்கப்படலாம்" என்று உங்களுக்கு விளக்கினார்களா? முன்கூட்டியே நாண்களைக் குழாய் விட்டுப் பார்த்தார்களா? இல்லை என்றால் அது குறைதான். அதுவும் குரலால் பிழைக்கும் ஓர் ஆசிரியைக்கு.

கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அவரிடம் நேரில் போய் இரண்டே கேள்வி கேளுங்கள். நரம்பைப் பார்த்தீர்களா? முடிக்கும்போது அது அறுபடாமல் இருந்ததா? அறுவைக் குறிப்பின் நகலும் வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் உரிமை. இதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை. நரம்பு முழுசாக இருந்தது என்றால் காத்திருப்பதில் அர்த்தம் உண்டு. நரம்பு பழுதான இடத்திலிருந்து நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வீதம் வளரும். வெறும் இழுவை என்றால் அதற்கு முன்பே விழித்துவிடும். பலருக்கு முதல் ஆறு மாதத்துக்குள் தெரிந்துவிடும், சிலருக்கு ஒரு வருடம் வரை ஆகும். வெட்டுப்பட்டது உறுதி என்றால் ஒரு வருடம் காத்திருக்கச் சொல்வதில் பொருளே இல்லை, நிரந்தர வழிக்கு உடனே போகலாம்.

இனி இன்றைக்கே செய்ய வேண்டியவை. குரலைவிடப் புரையேறுவதுதான் எனக்கு முதல் கவலை. புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று நாம் தலையைத் தட்டிவிட்டுப் போய்விடுவோம். உங்களுக்கு ஏறுவது மூச்சுக்குழாய்க்குள் போகும் தண்ணீர். அடிக்கடி நடந்தால் நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வரும். முதல் வேலையாக, அண்ணாந்து குடிப்பதை நிறுத்துங்கள். டம்ளரில் வாய் படாமல் ஊற்றிக்கொள்ளும் நம் பழக்கம் இந்த நோய்க்கு மிக ஆபத்தானது. தலை பின்னால் சாயும்போது மூச்சுக்குழாய் திறந்து கிடக்கும், தண்ணீர் தொண்டையில் வேகமாக விழும். உட்கார்ந்து, தாடையை நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் இறக்கி, முகத்தை இடது தோள் பக்கம் திருப்பி, டம்ளரை வாயில் வைத்து ஒவ்வொரு மிடறாகக் குடியுங்கள். பலவீனமான பக்கம் திரும்பினால் அந்தப் பக்கத்து வழி அடைபட்டு, நல்ல பக்கமாக இறங்கும். கஞ்சி, கூழ், கெட்டி மோர் எளிதாகப் போகும். வெறும் தண்ணீர், ரசம், சூடான காபிதான் தொந்தரவு செய்யும். சாப்பிடும்போது பேச வேண்டாம். காய்ச்சலோடு சளி வந்தாலோ, உடல் எடை குறைந்தாலோ, மூச்சிழுக்கும்போது சத்தம் கேட்டாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

மாமியார் வாயே திறக்கக் கூடாது என்கிறார். அன்பில் சொல்கிறார், ஆனால் தேவையில்லை. பேசினால் நரம்பு கெடாது. நான் தடுப்பது ரகசியக் குரலில் குசுகுசுவென்று பேசுவதைத்தான். தொண்டைக்கு ஓய்வு என்று நினைத்து அப்படிப் பேசுகிறவர்களில் பலர், நாண்களுக்கு மேலே உள்ள தசைகளை இறுக்கிப் பிழிகிறார்கள். கத்தி வரவழைக்கப் பார்ப்பவர்களும் அதையேதான் செய்கிறார்கள். சாயந்திரத்தில் கழுத்து வலிக்கும், அந்தப் பழக்கம் நரம்பு திரும்பிய பிறகும் போகாமல் நிற்கும். இருக்கிற குரலில், பக்கத்தில் வந்து, சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். இதை முறையாகக் கற்றுக்கொடுக்க ஸ்பீச் தெரபிஸ்ட் இருக்கிறார். திக்குவாய்க்கும் பேச்சு வராத குழந்தைக்கும்தான் அவர் என்று நினைக்காதீர்கள். வலது நாணை நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் தாண்டி வரவைப்பதும், வயிற்று மூச்சில் குரலை ஏற்றுவதும் அவர் சொல்லித்தருவது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்டுப் பாருங்கள்.

குரலுக்காகவே பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவரையும் இந்த மாதத்திலேயே பாருங்கள். ஸ்ட்ரோபோஸ்கோப்பி என்று ஒரு சோதனை செய்வார். மின்னி மின்னி எரியும் விளக்கில் நாண்களின் அதிர்வு மெதுவாக நகர்வது போலத் தெரியும். இடைவெளி எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்லலாம். (உயிரோடிருக்கும் ஒருவரின் நாண்கள் அசைவதைத் தெளிவாகப் பார்த்துச் சொன்னவர் மருத்துவர் இல்லை, மனுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார். 1854-ல் பல் மருத்துவரின் கண்ணாடியையும் வெயிலையும் வைத்துத் தன் தொண்டைக்குள்ளேயே பார்த்தார். ஓர் ஆசிரியர் செய்த வேலை என்பதால் உங்களிடம் சொல்லத் தோன்றியது.)

அந்த மருத்துவரிடம் ஊசி பற்றிக் கேளுங்கள். ஆறு மாதக் கணக்கில் விட்டுப்போனது இதுதான். அசையாத நாணுக்குள் ஹயலுரானிக் அமிலம் போன்ற ஒரு கூழை ஊசியால் செலுத்தி, அதை உப்பவைத்து நடுப்பக்கம் தள்ளுவோம். முகச் சுருக்கத்துக்குப் போடுகிறார்களே, அந்த வகைப் பொருள். கழுத்துத் தோலை மட்டும் மரக்கவைத்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் திரையில் பார்த்துக்கொண்டே போடலாம். முழு மயக்கம் தேவையில்லாமலே பலருக்கு முடிந்துவிடும். சில நாள் குரல் இறுக்கமாக இருக்கும், பிறகு இளகும். புரையேறுவதும் குறையும். சில மாதங்களில் அந்தக் கூழ் தானாகக் கரைந்துவிடும். அதுதான் அதன் நல்ல குணம், ஏனென்றால் அதற்குள் நரம்பு திரும்பிவிட்டால் உள்ளே எதுவும் மிச்சமிருக்காது. இப்படிச் சீக்கிரம் ஊசி போட்டுக்கொண்டவர்களில் பிறகு நிரந்தர அறுவை தேவைப்பட்டவர்கள் குறைவு என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. எல்லோரும் அதை ஏற்கவில்லை. நான் அதற்காகக்கூடச் சொல்லவில்லை. வேலைக்குப் போகும் ஒருவர் ஆறு மாதம் குரலில்லாமல் ஏன் இருக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. ஜூனில் பள்ளி திறக்கும்போது நீங்கள் வகுப்பில் நிற்க வேண்டும் என்றால், எனக்குத் தெரிந்து இதுதான் நேரான வழி.

காத்திருக்கும் காலத்தை அளக்க ஒரு சின்ன வேலை தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஆழமாக மூச்சிழுத்து, "ஆ" என்று சௌகரியமான குரலில் எவ்வளவு நேரம் நீட்ட முடிகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். மூன்று முறை செய்து, அதிகபட்ச நொடிகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். நல்ல குரலில் பதினைந்து நொடிக்கு மேல் நிற்கும். உங்களுக்கு இப்போது ஐந்தாறுதான் இருக்கலாம், பயப்பட வேண்டாம். வாரா வாரம் அது ஏறுகிறதா என்பதுதான் விஷயம். ஏறினால், நாண் அசைவதாகக் குழாயில் தெரியாவிட்டாலும் நல்லது நடக்கிறது. நரம்பு இழைகள் திரும்பும்போது சில சமயம் திசை மாறிப் போய்ச் சேரும். நாண் அசையாது, ஆனால் தசைக்கு உயிர் வந்து இறுகி, நடுப்பக்கம் வந்து நிற்கும். "அசையவில்லை" என்று அறிக்கையில் எழுதியிருக்கும். ஆனால் குரல் வந்திருக்கும். நான்காவது ஐந்தாவது மாதத்தில் எதுவும் மாறவில்லை என்றால், குரல்வளைத் தசையில் மெல்லிய ஊசி வைத்து மின் சைகையைப் பார்க்கும் சோதனை நரம்பின் நிலையைப் பற்றி ஓரளவு சொல்லும். எல்லா ஊரிலும் இது கிடைப்பதில்லை.

ஒரு வருடம் ஆகியும் வரவில்லை என்றால்? அப்போதும் கதவு மூடவில்லை. ஜப்பானில் கியோட்டோவைச் சேர்ந்த இஷிக்கி 1974-ல் ஓர் அறுவையை விவரித்தார், தைரோபிளாஸ்டி என்று பெயர். பெயரைக் கேட்டுத் தைராய்டைத் திரும்ப அறுக்கப்போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். குரல்வளையின் குருத்தெலும்பில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டி, அதன் வழியாகச் சிலிக்கோன் துண்டையோ கோர்-டெக்ஸ் என்ற செயற்கைப் பட்டையையோ வைத்து, நாணை வெளியிலிருந்து நடுவுக்குத் தள்ளுவது. நோயாளி விழித்திருக்க வேண்டும். பேசச் சொல்லிக் கேட்டுக் கேட்டுத்தான் அளவை முடிவு செய்வோம். இதய அறுவைக்குப் பின் குரல் போன ஒரு பேருந்து நடத்துநருக்கு இதைச் செய்தேன். பேசுங்கள் என்றதும், தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வரை நிறுத்தங்களைச் சொல்ல ஆரம்பித்தார். பசுபதிகோவில் காற்றாக வந்தது. துண்டைச் செதுக்கித் திரும்ப வைத்தேன், அய்யம்பேட்டை கரகரப்பாக வந்தது. இன்னும் ஒரு மில்லிமீட்டர் உள்ளே. "பாபநாசம்" என்று அறை முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு குரல் வந்தது. அவர் சொல்வதை நிறுத்திவிட்டார். கண் ஓரமாக நீர் வழிந்து காதுப் பக்கம் இறங்கியது. அதற்குமேல் நான் எதையும் அசைக்கவில்லை, தைத்துவிட்டேன். கழுத்தின் வேறொரு நரம்பைக் குரல் நரம்போடு இணைக்கும் அறுவையும் இருக்கிறது. பலன் தெரியப் பல மாதங்கள் ஆகும், செய்யும் இடங்களும் குறைவு.

இணையத்தில் தேடினால் தொண்டையில் ஓட்டை போடுவது, லேசரில் நாணை வெட்டுவது என்றெல்லாம் பயமுறுத்தும் படங்கள் வரும். அவை இரண்டு நாண்களும் நின்றுபோனவர்களுக்கு. அவர்களுக்குக் குரல் ஓரளவு நன்றாகவே இருக்கும், மூச்சுதான் திணறும், உங்கள் நிலைமைக்கு நேர் எதிர். உங்களுக்கு அது பொருந்தாது.

பள்ளிக்கு ஜூனில் போகலாம் என்றே நினைக்கிறேன், ஊசி போட்டால் இன்னும் தெம்பாக. தலையில் மாட்டும் சின்ன மைக்கும் இடுப்பில் கட்டும் ஸ்பீக்கரும் வாங்கிக்கொள்ளுங்கள், குரல் நன்றாக இருக்கும் ஆசிரியர்களுக்கே நான் இதைச் சொல்வதுண்டு. தலைமையாசிரியரிடம் மருத்துவச் சான்றோடு பேசி, தொடர்ந்து இரண்டு பாடவேளை வராமல் அட்டவணையை மாற்றக் கேளுங்கள். மனப்பாடப் பாட்டைப் பிள்ளைகளே சேர்ந்து சொல்லட்டும், நீங்கள் கேட்டுத் திருத்துங்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அறிவிப்பு வாசிப்பதை இந்த வருடம் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

மகளுக்குக் கதை இன்று ராத்திரியே சொல்லலாம். டிவியை அணைத்து, மின்விசிறியைக் குறைத்து, அவளை ஒட்டிப் படுக்கவைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் படுக்க வேண்டாம், முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்து உட்காருங்கள், மூச்சுக்கு எளிது. ஒரு மூச்சுக்கு மூன்று நான்கு சொல், அப்புறம் ஒரு நிறுத்தம். சிங்கம் கர்ஜிக்கிற இடத்தையும் காக்கா கத்துகிற இடத்தையும் அவளிடம் விட்டுவிடுங்கள்.